தெரிந்த முகமும் தெரியாத தேதியும்: ‘பாபநாசம்’ படத்தில் பதற்றம் கட்டப்படும் விதம்

1. கேள்வி

2015 ஜூலை 3 அன்று வெளியான ‘பாபநாசம்’ படத்தில் கொலை யார் கையால், எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்பதில் பார்வையாளருக்குத் துளியும் ஐயமில்லை. எல்லாம் கண்முன்னேதான் நடக்கிறது. சடலம் வீட்டுக்குப் பின்னாலுள்ள உரக்குழிக்குப் போவதையும் பார்த்துவிடுகிறோம். கொன்றவர் யார் என்ற கேள்வியை இவ்வளவு சீக்கிரம் கைவிட்ட ஒரு குற்றப்படம், அதன்பின் மீதிப் படம் முழுவதும் நம்மை விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. இது எப்படிக் கைகூடுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விடையைக் கதையின் கட்டமைப்பிலும் ஒளிப்பதிவிலும் மட்டும் தேடினால் போதாது, கதை ஊன்றியிருக்கும் ஊரின் இயல்பிலும் தேட வேண்டும் என்பது என் கருத்து.

படத்தின் பின்னணி பலரும் அறிந்தது. ஜீத்து ஜோசப் 2013 டிசம்பரில் மலையாளத்தில் தந்த ‘த்ரிஷ்யம்’ படத்தின் தமிழ் வடிவம் இது. இதே கதை கன்னடம், தெலுங்கு, இந்தி ஆகிய மொழிகளில் எடுக்கப்பட்டது. 2017இல் சிங்களத்தில் ‘தர்மயுத்தய’ என்றும், 2019இல் சீன மொழியிலும் வந்தது. மற்ற மொழிகளில் இயக்குநர்கள் மாறினார்கள். தமிழில் மட்டும் ஜீத்து ஜோசப்பே இயக்கினார். ஒளிப்பதிவாளர் சுஜித் வாசுதேவும் படத்தொகுப்பாளர் அயூப் கானும் அவருடனேயே வந்தார்கள். ஆய்வாளருக்கு இது அரிய வசதி. செய்த முக்கியக் கைகள் மாறாமல் ஊரும் பேச்சும் நடிகர்களில் பலரும் மாறியிருப்பதால், ஊர் மாறியது கதைக்கு என்ன செய்தது என்பதைப் பிரித்துப் பார்க்க முடிகிறது.

பாபநாசம், தாமிரபரணி மலையைவிட்டுச் சமவெளிக்கு இறங்கும் இடத்திலுள்ள ஊர். குற்றாலத்தில் புறப்பட்டால் தென்காசி, கடையம், ஆழ்வார்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டியே வந்து பாபநாசத்தைச் சேரலாம். மழையும் வெயிலும் காற்றும் பேச்சும் ஒன்றேயான வட்டாரம் இது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகும்வரை எல்லாமே திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்தன. எனவே இக்கட்டுரை ‘பாபநாசம்’ படத்தை ஓர் ஊரின் கதையாகக் கொள்ளாமல் இந்த அடிவார வட்டாரத்தின் கதையாகவே வாசிக்கிறது.

2. இதுவரை சொல்லப்பட்டவை

திகில் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு அதிகம் எடுத்தாளப்படும் விளக்கம் ஹிட்ச்காக், த்ரூஃபோவுடனான நீண்ட உரையாடலில் சொன்னது. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்கும் தெரியாமல் அது வெடித்தால் நொடி நேர அதிர்ச்சி. நமக்கு மட்டும் தெரிந்து, மேசையைச் சுற்றி இருப்பவர்கள் வெட்டிப்பேச்சு பேசிக்கொண்டிருந்தால் நெடுநேரப் பதைப்பு. யாருக்கு எது எப்போது தெரியும் என்ற பங்கீடுதான் திகிலின் அடிப்படை என்பது இதன் சாரம்.

த்ஸ்வெதான் தொதொரோவ் 1966இல் துப்பறியும் கதைக்குள் இரண்டு கதைகள் இருப்பதாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று நடந்து முடிந்துவிட்ட குற்றத்தின் கதை. மற்றொன்று அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் கதை. நோயெல் கேரல் இதற்கு ஓர் அறக் கோணத்தைச் சேர்க்கிறார். நல்லது என்று நாம் கருதும் முடிவு நடக்க வாய்ப்புக் குறைவாகவும், தீயது என்று கருதும் முடிவு நடக்க வாய்ப்பு அதிகமாகவும் தோன்றும்போதே பதற்றம் எழுகிறது என்பது அவர் வாதம். டேவிட் போர்ட்வெல், ஒரு படம் தனக்குத் தெரிந்ததில் எவ்வளவை நமக்குச் சொல்கிறது, எவ்வளவை அடக்கிவைக்கிறது என்று அளந்து பார்க்கச் சொல்கிறார்.

முடிவு தெரிந்த கதை பதற்றம் தருமா என்று கேட்பவர்களுக்கு இந்த வட்டாரத்திலேயே விடை இருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சி சந்திப்பில், ரயில் பெட்டியில் மனைவியுடன் அமர்ந்திருந்த கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். தென்காசிப் பக்கம் இதன் முடிவு தெரியாதவர் இருக்க முடியாது. அது விடுதலைப் போராட்ட வரலாறு. குற்றக்கதை என்ற வகைக்குள் அதை அடைப்பது சரியாகாது. ஆனால் சொல்முறை பற்றி அது ஒன்றைக் காட்டுகிறது. ரயில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களை யார் நிதானமாக விவரித்தாலும், முடிவு தெரிந்த காதுகளும் கூர்மையாகின்றன. கேட்பவரைப் பிடித்துவைப்பது நிகழ்ச்சியின் முடிவு என்பதைவிட, அதை நோக்கி நகரும் நேரம் என்பதே பொருத்தம்.

தமிழ்ச் சினிமா ஆய்வு பெரிதும் அரசியலையும் நட்சத்திர வழிபாட்டையும் சுற்றியே வளர்ந்தது. எம்.எஸ்.எஸ். பாண்டியன், தியடோர் பாஸ்கரன் போன்றோர் இட்ட அடித்தளம் வலுவானது. ஆனால் ஒரு ஷாட் ஏன் அந்த இடத்தில் வெட்டப்படுகிறது என்று கேட்கும் ஆய்வு, அதுவும் குற்றப்படங்களைப் பற்றி, மிகக் குறைவு. இத்தனைக்கும் நம்மிடம் நீண்ட மரபு இருக்கிறது. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ பாட்டே இல்லாமல் வந்து, ஒரே கொலையை வெவ்வேறு ஆட்களின் ஊகங்கள் வழியே திரும்பத் திரும்பக் காட்டியது. 1986இல் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் கூடி எடுத்த ‘ஊமை விழிகள்’ அகலத்திரையின் வெற்றிடத்தையே பயமாக மாற்றியது. மிஷ்கினின் ‘யுத்தம் செய்’ (2011) முகத்தைவிட்டுக் கால்களையும் தரையையும் பார்த்தது. கார்த்திக் நரேனின் ‘துருவங்கள் பதினாறு’ (2016) ஓர் இரவையும் மழையையும் வைத்துக்கொண்டு, கதை சொல்பவரையே நம்ப முடியாதவராக்கியது. ‘ராட்சசன்’ (2018) கொலைகாரனின் முகத்தை முடிந்தமட்டும் ஒளித்தது.

இந்த வரிசையில் பெரும்பாலான படங்கள் இருட்டிலோ மறைக்கப்பட்ட முகத்திலோ பதற்றத்தை வைக்கின்றன. ‘பாபநாசம்’ இவை இரண்டையும் பெரிதும் நாடுவதில்லை. ‘ராட்சசன்’ நாயகனும் ‘பாபநாசம்’ நாயகன் சுயம்புலிங்கமும் சினிமாப் பைத்தியங்கள் என்பது சுவையான ஒற்றுமை. ஒருவன் சினிமாவில் கற்றதை வைத்துக் கொலைகாரனைப் பிடிக்கிறான். மற்றவன் கொலையை மறைக்கிறான்.

3. சாட்சிகளின் நினைவு

சுயம்புலிங்கம் கேபிள் டி.வி. நடத்துகிறவன். பள்ளிப் படிப்பை முடிக்காதவன். இரவில் ஆபீசிலேயே தங்கிப் படம் பார்ப்பவன். மனைவி ராணி, மூத்த மகள் செல்வி, இளையவள் மீனா. குளிக்கும்போது திருட்டுத்தனமாக எடுத்த வீடியோவை வைத்துச் செல்வியை மிரட்டவரும் வருண், தாயும் மகளும் போராடும்போது அடிபட்டு இறந்துபோகிறான். அவன் ஐ.ஜி. கீதாவின் ஒரே மகன்.

இவ்வளவும் நடப்பதற்குள் படம் நிறைய நேரம் எடுத்துக்கொள்கிறது. முதல் பகுதி இழுவை என்ற குறை படம் வந்தபோதே பரவலாகச் சொல்லப்பட்டது. தொடக்கப் பாடலைப் பொறுத்தவரை அந்தக் குறையை நானும் ஏற்கிறேன். மற்றபடி அந்தப் பகுதியில் வீண் என்று தோன்றும் ஒவ்வொன்றும் பின்னால் கதைக்கு வேலை செய்கிறது. அவன் கஞ்சத்தனம், ஆபீசில் தங்குவது, டீக்கடையில் ஊர்வம்பு பேசுவது, கான்ஸ்டபிள் பெருமாளோடு உரசுவது எல்லாம் முதலில் வெறும் குணச்சித்திரமாகத்தான் படுகின்றன. விசாரணை தொடங்கியதும் இவையே சாட்சியங்களாக மாறுகின்றன. டீக்கடை சுலைமான் பாய் அவனுக்காகப் பரிந்து பேசுவதை நாம் நம்ப வேண்டுமானால், அந்தக் கடையில் நாமும் நேரம் கழித்திருக்க வேண்டும்.

தொதொரோவ் பிரித்த இரு கதைகளுக்கு நடுவில் இந்தப் படம் மூன்றாவதாக ஒரு கதையைச் செருகுகிறது. குற்றத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் வேறொரு நாளைக் கட்டும் கதை அது. கொலைக்குப் பிறகு சுயம்புலிங்கம் குடும்பத்தோடு வெளியூர் போகிறான். பஸ்ஸில் போகிறார்கள், ஓட்டலில் சாப்பிடுகிறார்கள், சினிமா பார்க்கிறார்கள். பிறகு அதே ஆட்களை மறுபடி சந்தித்து, பேச்சோடு பேச்சாக ஒரு தேதியை அவர்கள் காதில் போட்டுவைக்கிறான். உண்மையில் அவர்கள் போனது கொலைக்குப் பிந்திய நாள். சாட்சிகள் மனத்தில் பதிவது கொலை நடந்த நாள்.

இதில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. கண்டக்டர் அந்தக் குடும்பத்தைப் பார்த்தது உண்மை, ஓட்டல்காரர் பரிமாறியது உண்மை, தியேட்டர் ஆபரேட்டர் பேசியதும் உண்மை. பொய்யாக இருப்பது தேதி ஒன்றுதான். போலீஸ் ஒவ்வொருவரிடமாக வரும்போது நம் நெஞ்சு அடித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். பொய்ச்சாட்சி சொல்கிறவன் மிரட்டினால் உடைந்துபோவான். தான் உண்மை சொல்வதாக நம்புகிற ஒருவரை எந்தப் பக்கம் போய் உடைப்பது? விசாரிக்கிறவர்களின் திகைப்பும் நம் பதற்றமும் ஒரே முடிச்சில் வந்து சேர்கின்றன.

சிற்றூரின் நினைவு இப்படித்தான் இருக்கிறது. இந்த அடிவார ஊர்களில் ஒருவர் யார் மகன், எந்தத் தெருவில் பெண் எடுத்தார், எப்போதும் எந்த பஸ்ஸில் ஏறுவார் என்பது பிசகாமல் தெரியும். ஆனால் போன மாதம் அவர் பஸ்ஸில் ஏறியது இரண்டாம் தேதியா நாலாம் தேதியா என்று கேட்டால், கோயில் கொடை முடிந்து எத்தனையாவது நாள் என்று எண்ணித்தான் சொல்ல முடியும். முகம் உறுதியாகவும் தேதி தளர்வாகவும் இருக்கும் இந்த நினைவுதான் சுயம்புலிங்கத்தின் மூலதனம். பெருநகரத்தில் இந்தச் சூழ்ச்சி செல்லாது. அங்கே கண்டக்டருக்கு எந்த முகமும் நினைவில் நிற்காது. நாளையும் நேரத்தையும் கேமராக்கள் பதிவுசெய்திருக்கும். தொடுபுழைப் பக்கத்து மலையாளக் கதை நெல்லைச் சீமைக்கு இடம்பெயர்ந்தும் ஊனமாகாமல் நின்றதற்கு ஜெயமோகனின் வட்டார வழக்கு வசனம் ஒரு காரணம் என்றால், இரண்டு ஊர்களின் நினைவும் ஒரே வகையானது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

4. வெளிச்சத்தில் ஒளித்தல்

கட்டமைப்பு சாட்சிகளுக்குச் செய்வதை ஒளிப்பதிவு பார்வையாளருக்குச் செய்கிறது. இக்கட்டுரையின் மையக் கருத்தும் இதுவே.

படத்தின் பெரும்பகுதி பகலில் நடக்கிறது. வீட்டு முற்றம், ரோடு, டீக்கடை, அதற்கு எதிரே கட்டப்பட்டுவரும் புதிய போலீஸ் ஸ்டேஷன். சுஜித் வாசுதேவின் கேமரா இவற்றை எந்த அலங்காரமும் இல்லாமல் காட்டுகிறது. சாய்ந்த கோணங்கள், முகத்தை வெட்டும் நிழல்கள் போன்ற இந்த வகைப் படங்களின் வழக்கமான அடையாளங்கள் இங்கே குறைவு. சட்டகம் ஏறத்தாழ ஒரு தொலைக்காட்சித் தொடரின் சட்டகம்போல இருக்கிறது என்று சிலர் குறைபட்டதுண்டு. என் பார்வையில் இந்தச் சாதாரணத் தன்மை திட்டமிட்டது. கேமரா ஒரு பொருளை அழுத்திக் காட்டினால் பார்வையாளர் அதைக் குறித்துவைத்துக்கொள்வார். எதையும் அழுத்தாத கேமராவிடம் அவர் எச்சரிக்கையைத் தளர்த்திவிடுகிறார்.

கட்டிமுடியாத அந்த ஸ்டேஷனை நாம் எத்தனையோ முறை பார்த்தோம். டீக்கடையில் பேச்சு நடக்கும்போது அது வெறும் பின்னணி. ஊரில் ஏதோ கட்டுமான வேலை நடக்கிறது, அவ்வளவே. படத்தின் கடைசியில் சுயம்புலிங்கம் அதே ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறும்போது, அரைகுறைக் கட்டடத்திலிருந்து மம்பட்டியோடு அவன் வெளியே வந்த ஒரு கணம் சட்டென்று நினைவுக் காட்சியாக வருகிறது. வருண் அந்தத் தரைக்கு அடியில்தான் கிடக்கிறான். கண்டக்டரைப் போல நாமும் எல்லாவற்றையும் பார்த்திருந்தோம். எதற்கு எது தொடர்பு என்பதைத்தான் பதியவில்லை. ஊராரை ஏமாற்றிய அதே உத்திக்கு நாமும் உட்பட்டிருந்தோம் என்பது அந்தக் கணத்தில் விளங்குகிறது. பார்வையாளரும் அவன் ஏற்பாடு செய்துவைத்த ஒரு சாட்சி.

தொடக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். படம் சுயம்புலிங்கம் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதில் ஆரம்பித்து, அங்கிருந்து பின்னோக்கிப் போகிறது. கதை முழுவதையும் அவன் தன் இரகசியத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு நினைத்துப்பார்க்கிறான் என்பது முதல் தடவை பார்க்கிறவருக்குத் தெரிய வழியே இல்லை. ஹிட்ச்காக்கின் மேசை உதாரணத்தை இந்தப் படம் தலைகீழாக்குகிறது. குண்டு இருப்பது நமக்குத் தெரியும். ஆனால் அது எந்த மேசைக்கு அடியில் இருக்கிறது என்பதில் கடைசிவரை தவறாகவே நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தவறான நம்பிக்கையின் உச்சம் உரக்குழியைத் தோண்டும் காட்சி. அடிதாங்காமல் மீனா உண்மையைச் சொல்லிவிட்டாள். போலீசும் ஊரும் பத்திரிகைக்காரர்களும் சூழ நிற்கிறார்கள். மண் வெட்டப்படுகிறது. குழிக்குள் இருப்பதைக் காட்டாமல் கேமரா முகங்களுக்குப் போகிறது. பெற்ற தாயாகவும் அதிகாரியாகவும் ஒருசேர நிற்கும் கீதாவின் முகம், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் ராணியின் முகம், எதையும் காட்டிக்கொடுக்காத சுயம்புலிங்கத்தின் முகம். படத்தொகுப்பு இந்த முகங்களுக்கிடையே போய்வந்து நேரத்தை நீட்டுகிறது. குழிக்குள் ஒரு விலங்கின் சடலம்தான் இருக்கிறது என்று தெரியும்போது ஊர் ஆத்திரத்தில் கொந்தளிக்கிறது; நமக்கோ நிம்மதிக்கு முன்னால் திகைப்பு வருகிறது. அதுவரை அவனைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் நமக்குத் தெரியும் என்று நினைத்திருந்தோம். நம்மைவிட எவ்வளவோ அதிகமாக அவனுக்குத் தெரியும் என்பது இங்கேதான் முதலில் வெளிப்படுகிறது. போர்ட்வெல் சொல்லும் அடக்கிவைத்தலுக்குத் தமிழில் இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கொலையையும் புதைத்ததையும் ஒளிக்காமல் காட்டிய படம், இடம் மாற்றியதை மட்டும் விழுங்கிவிட்டது. அவ்வளவு வெளிப்படையாக இருந்த ஒருவர் ஒன்றை மறைப்பார் என்று யாருக்கும் சந்தேகம் வராது.

5. விசாரணை அறை

கேரலின் அறக்கணக்குக்கு இந்தப் படம் அப்படியே பொருந்துகிறது. குடும்பம் தப்ப வேண்டும் என்று விரும்புகிறோம். தப்ப வாய்ப்பில்லை என்று தோன்றுகிறது. ஆனால் இந்த விருப்பத்தை நமக்குள் உண்டாக்கப் படம் எடுத்துக்கொண்ட வழியை விமர்சனமின்றி ஏற்க முடியாது. செத்தவன் ஒரு தாயின் பிள்ளை. அந்தக் கனத்தை நாம் முழுதாக உணர்ந்தால் பதற்றம் இரண்டாகப் பிளந்துவிடும். அப்படி ஆகாமல் தடுக்கத்தான் கான்ஸ்டபிள் பெருமாள் இருக்கிறான். கலாபவன் மணி அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்த உடல்வன்மை அசலானது. அவன் குழந்தையை அடிக்கத் தொடங்கியதும் நியாயத் தராசு முழுவதுமாகக் குடும்பத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. நம் மனச்சாட்சி கேட்க வேண்டிய கேள்வியை அவன் கை நமக்காக அடைத்துவிடுகிறது.

அந்தக் காட்சிகளில் கேமரா அடியைக் காட்டுவதைவிட, அடியைப் பார்க்க நேர்ந்தவர்களைக் காட்டுவதிலேயே அக்கறை கொள்கிறது. தந்தை முன்னால் மகள், மகள் முன்னால் தாய். அந்த அறையில் வன்முறை ஒரு கடிகாரமாக ஓடுகிறது. யார் முதலில் பேசுவார் என்பதே கேள்வி. வெற்றிமாறனின் ‘விசாரணை’யோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அங்கே பேசினாலும் பேசாவிட்டாலும் தப்பிக்க வழியில்லை. அடைபட்ட அறையின் நெருக்கமே அந்தப் படத்தின் ஒளிப்பதிவு மொழி. ‘பாபநாசம்’ அறையிலிருந்து வெளியே வந்துவிடுகிறது, ஊர் திரள்கிறது, பெருமாள் தண்டிக்கப்படுகிறான். ‘விசாரணை’யில் பயம் அரங்கைவிட்டு வந்த பிறகும் தொடர்கிறது, இங்கே அது படத்துக்குள்ளேயே தீர்த்துவைக்கப்படுகிறது.

இந்த வட்டாரத்துப் பார்வையாளருக்கு அது அவ்வளவு எளிதில் தீர்வதில்லை. 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரம் காவல் உட்கோட்டத்தில், விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பற்கள் பிடுங்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குப் போனது. பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரமும் அந்த உட்கோட்டத்தைச் சேர்ந்ததுதான். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2020 ஜூனில், சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதையில் மாண்டார்கள். இவற்றுக்குப் பிறகு அந்த விசாரணைக் காட்சியைப் பார்க்கிறவருக்கு வரும் நடுக்கம் திரைக்கதையின் சாமர்த்தியத்தால் மட்டும் வருவதில்லை. பதற்றத்தைப் பற்றிய கோட்பாடுகள் பெரும்பாலும் பார்வையாளரை ஊரோ அனுபவமோ இல்லாத ஒருவராக வைத்தே பேசுகின்றன. ஏட்டையா வீட்டு வாசலில் வந்து நின்றாலே தொண்டை வறண்டுபோகும் மக்களுக்கு, கதவு தட்டப்படும் ஓசை வேறு பொருள் தருகிறது. படம் அவர்களுடைய பயத்தைக் கடன் வாங்கிக்கொண்டு, இறுதியில் பெருமாள் என்ற ஒருவனின் கெட்ட குணமாக அதைச் சுருக்கி முடித்துவிடுகிறது. இதுதான் இந்தப் படத்தின்மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை.

6. கேமரா பார்க்காத நிலம்

இன்னொரு குறை நிலத்தைப் பற்றியது. படத்தின் பேச்சு இந்த மண்ணின் பேச்சாக இருக்கிறது. நிலம் அப்படி இல்லை. படப்பிடிப்பில் ஒரு பகுதி தொடுபுழையிலேயே நடந்தது என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். மலையும் ஆறும் வருகின்றன என்றாலும் கதையின் திருப்பங்கள் எதுவும் அவற்றைச் சார்ந்து நிற்பதில்லை.

தென்காசி வட்டாரத்தைச் சினிமா பார்த்த விதமே பெரும்பாலும் இப்படித்தான். ‘ரோஜா’ (1992) காஷ்மீரில் விடியற்காலையில் ஒரு தீவிரவாதியைப் பிடிக்கும் பதற்றத்தில் தொடங்கி, உடனே சுந்தரபாண்டியபுரத்துப் பசுமைக்குத் தாவுகிறது. ‘அந்நியன்’ (2005) தொடர்கொலைகளின் படம். அதில் இந்தப் பக்கத்துப் பாறை, நடிகர்களின் முகங்கள் வரையப்பட்டுப் பாட்டுக்கு வருகிறது. இன்றும் சுந்தரபாண்டியபுரத்துக்கு வருகிறவர்கள் அதை அந்நியன் பாறை என்றே விசாரிக்கிறார்கள். மத்தளம்பாறைப் பக்கம் படமாக்கப்பட்ட ‘கேப்டன் மில்லர்’ (2024) இந்த நிலத்தைப் போர்க்களமாக்கியது. முதல் இரண்டு படங்களிலும் இந்த நிலம் பதற்றத்திலிருந்து மூச்சு வாங்குவதற்கான இடம். குற்றம் வேறெங்கோ நடக்கும். இங்கே பாட்டு நடக்கும்.

குற்றமும் இங்கேயே நடப்பதாக ஒரு படம் எடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்கக் குற்றாலத்தையே எடுத்துக்கொள்ளலாம். தென்மேற்குப் பருவக்காற்று இறங்கும் ஜூன் முதல் ஆகஸ்டுவரை அங்கே சீசன். அப்போதைய வெளிச்சம் நிழலே விழாத வெளிச்சம். சாரல் தூரத்தை மங்கவைத்து, பத்தடிக்கு அப்பால் நிற்பவரை வெறும் உருவமாக்கிவிடுகிறது. பேரருவிக்குப் பக்கத்தில் நின்று யாரும் யாரிடமும் இரகசியம் பேச முடியாது. கத்தித்தான் பேச வேண்டும். எண்ணெய் தேய்த்துத் தலை நனைந்த கூட்டத்தில் எல்லா முகமும் ஒன்றுபோலிருக்கும். நிழலையும் கிசுகிசுப்பையும் நம்பியிருக்கும் வழக்கமான குற்றப்பட ஒளிப்பதிவுக்கு இங்கே கருவிகளே இல்லை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒலிப்பதிவாளரும் அதில் சமபங்கு ஏற்க வேண்டும்.

திரைக்கதையும் மாறியாக வேண்டும். சுயம்புலிங்கத்தின் சூழ்ச்சி குற்றாலத்தில் சீசனுக்கு எடுபடாது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான வெளியூர் முகங்களைப் பார்க்கும் ஓட்டல்காரருக்கு எந்தக் குடும்பமும் தனியாக நினைவில் நிற்காது. ஆனால் நாளை அவர் தவறவிட மாட்டார். ஐந்தருவியில் தண்ணீர் குறைந்த நாள், பேரருவியில் வெள்ளம் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டிய நாள், போலீஸ் விசிலடித்துக் குளிக்கத் தடைபோட்ட நாள் எல்லாம் கடைக்காரர் முதல் ஆட்டோக்காரர்வரை எல்லோருக்கும் அத்துபடி. அவர்கள் வியாபாரம் அந்தத் தண்ணீரைக் கொண்டுதான் நடக்கிறது. பத்திரிகைகளும் அன்றன்றைய வரத்தைப் போட்டுவிடுகின்றன. பாபநாசத்தில் முகம் உறுதி, தேதி தளர்வு. குற்றாலத்துச் சீசனில் தேதி உறுதி, முகம் தளர்வு. அங்கே குற்றம் செய்தவன் நாளை மாற்ற முடியாது. ஆளைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். அவன் இடத்தில் இன்னொருவன் குளித்திருக்க வேண்டும், லாட்ஜ் ரிஜிஸ்டரில் அவன் பெயரை இன்னொருவன் எழுதியிருக்க வேண்டும். விசாரிக்க வரும் அதிகாரி, தண்ணீர் எவ்வளவு வந்தது என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும். யார் வந்தார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஓர் ஆளைச் சொல்வார்கள்.